ஜூன் திறப்பு: ஆர்.சி. பள்ளியின் முதல் சில வாரங்கள்

அரசு உதவிபெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளியில் ஜூன் மாத வேலை மே மாதத்திலேயே, மாற்றல் பட்டியல் வந்த அன்றே தொடங்கிவிடும். தாளாளராக இருக்கும் சாமியாரோ தலைமை ஆசிரியையாக இருக்கும் சிஸ்டரோ வேறு ஊருக்குப் போகிறார் என்றால் முதலில் கவனிக்க வேண்டியது சம்பளப் பட்டியல். அதில் தாளாளர் கையெழுத்து வேண்டும். புதியவர் வந்ததைக் கல்வி அலுவலகம் ஏற்று ஆணை தரும்வரை அவர் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஆயர் இல்லத்திலிருந்தோ சபைத் தலைமையிலிருந்தோ வந்த நியமனக் கடிதம், பொறுப்பு ஒப்படைத்த பட்டியல், மாதிரிக் கையெழுத்து மூன்றையும் பொறுப்பேற்ற அன்றே அனுப்பிவிடுங்கள். வங்கிக் கணக்குகளில் பெயர் மாற்றும் கடிதமும் அதோடு போகட்டும். வரவேற்பு விழா முடியட்டும் என்று பத்து நாள் விட்டால், ஜூன் சம்பளம் எப்போது வரும் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை.

திறப்புத் தேதியை நம்பித் திருப்பலி (பூசை) அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம். 2023இல் வெயில் தள்ளித் தள்ளி, 6 முதல் 12 வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2. பள்ளி திறந்த பிறகு வரும் முதல் வெள்ளிக்குத் திருப்பலியை வைத்துக்கொண்டால் தேதி மாறினாலும் சிக்கல் குறைவு. ஜூன் திரு இருதய மாதம் என்பதால் பொருத்தமும்கூட. ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: கல்வியாண்டுத் தொடக்கத்துக்கு வழக்கமாக வைக்கும் தூய ஆவியார் திருப்பலியா, வெள்ளிக்கிழமையை ஒட்டித் திரு இருதயத் திருப்பலியா? முன்னதற்குச் சிவப்பு உடை, பின்னதற்கு வெள்ளை. வாசகமும் பாட்டும் மாறும். பாடகர் குழு தூய ஆவியார் பாட்டைப் பழகி வந்து நிற்க, சாமியார் வெள்ளை உடையில் வருவது நடக்கிற கதைதான்.

திருப்பலியில் தடுமாற்றம் வரும் இடம், அர்ச்சித்த அப்பம் வாங்கப் போகும் நற்கருணை வரிசை. பெரும்பாலான ஆர்.சி. பள்ளிகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளிலும் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காதவர்கள் இருப்பார்கள். வகுப்பு வகுப்பாக உட்கார வைத்து, வரிசை வரிசையாக எழுப்பினால் எல்லாப் பிள்ளையும் முன்னால் போய் நிற்கும். பீடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதைப்போல மனம் நோகச் செய்வது வேறில்லை. முந்தின நாள் வகுப்பாசிரியரே இரண்டு நிமிடம் பேசிவிட வேண்டும்: புதுநன்மை வாங்கியவர்கள் மட்டும் எழுந்து போகலாம், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருக்கலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. போகிறவர்களை இருக்கை ஓரமாக உட்கார வைத்தால் நெரிசல் வராது. கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் சொல்லும் அப்பக் கணக்கும் இவர்களுடைய எண்ணிக்கைதான். பள்ளியின் மொத்த எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் திருப்பலி முடிந்தபின் நற்கருணைப் பேழை நிரம்பி வழியும்.

இனி சேர்க்கை. அதிக நேரம் எடுப்பதும், பிழை நேர்ந்தால் பத்தாண்டு தொடர்வதும் பிள்ளையின் பெயர்தான். ஞானஸ்நான ஏட்டில் அந்தோணி மிக்கேல், பிறப்புச் சான்றில் மைக்கேல், ஆதாரில் ஆண்டனி மைக்கேல் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். பள்ளிப் பதிவுக்குப் பிறப்புச் சான்றுதான் அடிப்படை. முதலில் அதைப் பார்த்து ஆதாரைத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) ஏற்றுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஒரு முறை, இனிஷியலோடு சேர்த்துப் பெற்றோரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸிலிருந்துதான் போகிறது. மதிப்பெண் சான்று அச்சாகி வந்தபின் ஓர் எழுத்தை மாற்றவே அலைய வேண்டியிருக்கும்.

ஞானஸ்நானத்தின்போது பெயர் வைக்கலாம் என்று காத்திருந்த வீடுகளில் பிறப்புச் சான்று பெயரே இல்லாமல் கிடக்கும். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயர் சேர்க்க வழி உண்டு. பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழைக் கத்தோலிக்கர் பட்டியலுக்கும் புதுநன்மைத் தயாரிப்புக்கும் மட்டும் தனிக் கோப்பில் வையுங்கள். மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துப் பின் குத்தினால் அடுத்த பள்ளிக்குப் போகும்போது அதுவும் போய்விடும்.

சாதிச் சான்றிலும் நிதானம் வேண்டும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவர் பட்டியல் சாதியில் வருவதில்லை. ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. அதனால் அண்ணன் பழைய சான்றில் எஸ்.சி., தங்கை புதுச் சான்றில் பி.சி. என்று ஒரே வீட்டில் வருவதுண்டு. பி.சி. என்று பதிந்ததோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம்: மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கும் மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஜூன் மாதமே தனித் தாளில் குறித்து வைத்தால், விண்ணப்பத் தேதி அறிவித்ததும் ஓட வேண்டியதில்லை.

எண்ணிக்கையை ஏன் ஜூனிலேயே துரத்துகிறார்கள் என்று புது ஆசிரியர்களுக்குப் புரியாது. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் பணியிட நிர்ணயம் ஆகஸ்டு 1 நிலவரப்படி. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 ஆனால் 3. பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை விடுவிக்காமல் வைத்திருந்தால், நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நம் கணக்கில் வராது. ஜூலை முதல் வாரத்துக்குள் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை டிக் போட்டுப் பாருங்கள்.

காலை உணவு இப்போது உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் உண்டு. ஊரகப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15இல் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில் தொடங்கியது, நகர்ப்புறத்துக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காலைத் திருப்பலி வைக்கும் நாளில் சாப்பாட்டு நேரமும் அதுவாகவே இருக்கும். முந்தின நாளே சமையலறையில் சொல்லி நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கால அட்டவணை போடும்போது மறைக்கல்விப் பாடவேளையையும் நன்னெறிப் பாடவேளையையும் ஒரே நேரத்தில் வையுங்கள். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. நடைமுறைச் சிக்கல் வேறு: 6 'அ' வகுப்பிலிருந்து 15 பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் இன்னொரு பக்கம் என்று பிரிந்தால் ஆசிரியரும் அறையும் இரட்டிப்பாக வேண்டும். 'அ', 'ஆ' இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே பாடவேளை கொடுத்து, ஓர் அறையில் மறைக்கல்வி, மற்றதில் நன்னெறி என்று பிரித்தால் கூடுதல் ஆள் தேவைப்படாது. நன்னெறி வகுப்பைச் 'சும்மா இருக்கிற பீரியட்' ஆக விட்டால் இரண்டாவது வாரமே கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பகல் 12 மணிக்கு மூவேளை செப மணி அடிக்கும் பள்ளிகளில், அதைப் பாடவேளை முடியும் மணி என்று புது ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டு வகுப்பை விட்டுவிடுவார்கள். செப மணிக்கும் பாடவேளை மணிக்கும் அடிக்கும் முறையை வேறு வேறாக வைத்து, முதல் நாள் ஆசிரியர் கூட்டத்திலேயே ஒரு முறை அடித்துக் காட்டிவிடுங்கள்.