மைனியோட ஃபைல்ல ஒரு வரி

தக்கலையிலிருந்து மைனி, அதான் அண்ணனோட மனைவி, வந்திருந்தாங்க. ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) எஸ்டிமேட் தாள்ல, அச்சடிச்ச தொகைக்குக் கீழே பேனாவால தனியா ஒரு வரி: எண்டோமெட்ரியல் ஸ்க்ராட்ச். மெல்லிய குழாயை விட்டு கருப்பையோட உள்சுவரை லேசா சுரண்டுறது. அப்படிச் செஞ்சா கரு நல்லா ஒட்டும்னு பல நாடுகள்ல நம்பினாங்க. நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில, ஐந்து நாடுகள்ல 1,364 பெண்களை வச்சுச் சோதிச்ச முடிவு 2019-ல வெளிவந்துச்சு. சுரண்டினவங்கள்ல குழந்தை பெத்தவங்க 26.1 சதவீதம். சுரண்டாதவங்கள்லயும் அதே 26.1. வலி மட்டும்தான் மிச்சம்!

நகையை அடகு வச்சுக் கட்டுற காசு இது. எனக்கு வயிறு எரியுது.

இன்னொண்ணு. குழந்தை வேண்டி ஆவணி ஞாயிறு நாகராஜா கோயில்ல பால் ஊத்தவும் மைனிதான், ஊசி போட்டுக்கவும் மைனிதான். குழந்தையில்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். அண்ணனுக்கு விந்துப் பரிசோதனை இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்கு ஊசிகூடத் தேவையில்ல.

சிகிச்சையில இருக்கிறவங்க தயங்காமக் கேளுங்க: “டாக்டர், இதைச் செஞ்சா குழந்தை பிறக்கிற வாய்ப்பு கூடும்னு ஆய்வுல நிரூபிச்சிருக்கா?” வெற்றி வாய்ப்பைப் பத்தி விளக்க வேண்டியது மருத்துவமனையோட கடமைன்னு செயற்கைக் கருத்தரிப்பு பத்தின 2021 சட்டமே சொல்லுது. அடுத்த தடவை மைனிகூட அண்ணனும் போறான்.