கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் எஞ்சின் தடுமாறினால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, உள்ளே சின்னச் சின்ன பாகங்கள் நிறைய, சந்தேகப்பட ரொம்ப வசதி. நான் பார்க்கப் போன விமானத்திலும் அதைக் கட்டியவர் பலமுறை கழற்றிக் கழுவி மாட்டியிருந்தார். எஞ்சின் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912. டேங்குகள் மேலே இறக்கைக்குள்.

தரையில் முழு த்ராட்டில் கொடுத்தால் அரை நிமிடம் அருமையாக ஓடும். மேலே ஏறும்போது கொஞ்ச நேரத்தில் ஆர்பிஎம் சரியும், எஞ்சின் உதறும். த்ராட்டிலைக் குறைத்தால் சில நொடிகளில் தெளிந்துவிடும். மறுபடி திறந்தால் மறுபடி அதே கதை.

எனக்கு அந்தத் தெளிவதுதான் முக்கியமாகப் பட்டது. கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பு இருக்கும். வரத்து குறைந்தாலும் அது தீரும்வரை எஞ்சினுக்கு எதுவும் தெரியாது. த்ராட்டிலைக் குறைத்தால் செலவு குறைந்து கிண்ணம் திரும்ப நிரம்பும். ஜெட் எனும் பெட்ரோல் பாயும் சிறு துளை அடைத்திருந்தால் இப்படி நேரம் பார்த்து வராது. திறந்த உடனே காட்டிவிடும். கார்புரேட்டரில் பனி பிடித்தாலும் எஞ்சின் தடுமாறும்தான், ஆனால் அது சூடு கொடுத்தால் விலகும். இங்கே சூடு கொடுத்தும் மாற்றமில்லை.

இன்னொரு தடயமும் இருந்தது. இந்த எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர், பக்கத்துக்கு ஒன்று. முழு சக்தியில் பெட்ரோல் குறைந்தால் புகைவாயு சூடேறும். கருவிப் பதிவைப் பார்த்தால் அந்த வெப்பம் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே நொடியில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. ஆக, கோளாறு குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

அப்புறம் அளப்பதுதான் பாக்கி. அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ-யின் சோதனை வழிகாட்டி, எஞ்சின் முழு சக்தியில் குடிக்கும் அளவைப்போல பம்ப் வைத்த அமைப்பில் 125 சதவீதமும், புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பில் 150 சதவீதமும் வரவேண்டும் என்கிறது. இந்த எஞ்சின் முழு சக்தியில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். இதில் பம்பும் உண்டு என்பதால், பம்ப் கணக்கில் நிமிடத்துக்கு 560 மில்லியாவது வரவேண்டும். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, டேங்கில் கொஞ்சமே பெட்ரோல் வைத்து அளக்க வேண்டும். சமதரையில் நிரம்பிய டேங்கோடு அளந்தால் எல்லா விமானமும் தேறிவிடும். பாத்திரத்தையும் விமானத்தையும் எர்த் கம்பியால் இணைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினோம்.

வேடிக்கை அங்கேதான். பம்ப் போடாமல் விட்டால் பெட்ரோல் சீராக இறங்கியது. பம்பைப் போட்டதும் விட்டு விட்டு, மெலிந்து வந்தது. உதவிக்கு வைத்த பம்ப் எப்படி வரத்தைக் குறைக்கும்?

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். வித்தியாசமில்லை, காற்றுத் துளை நன்றாகத்தான் இருந்தது. இதை எப்போதும் முதலில் செய்துவிடுவேன், செலவே இல்லாத சோதனை. அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டிவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுக்கும். அடுத்து டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயிலிருக்கும் சல்லடை. உரிந்த சீலன்ட் துண்டுகள் வந்து சேருகிற இடம் அது. சுத்தமாக இருந்தது. ஃபில்டரில் தண்ணீரும் இல்லை. டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி அளந்துகொண்டே கீழே வந்தோம். பம்புக்கு முந்தைய ஹோஸ் வரை எல்லாம் சரி.

அந்த ஹோஸை அவர் ஏற்கெனவே ஊதிப் பார்த்துத் தேறியதாகச் சொன்னார். உண்மைதான், ஒரு பக்கம் ஊதினால் தடையே இல்லை. மறுபக்கம் ஊதினால் காற்று திணறியது. அறுத்துப் பார்த்தால், முனையில் மாட்டும் உலோக இணைப்பான பிட்டிங்கை உள்ளே திணித்தபோது அதன் விளிம்பு உள்சுவர் ரப்பரைச் சீவி, ஒரு நாக்குபோல் தூக்கிவிட்டிருந்தது. மெதுவாக ஓடும்போது நாக்கு ஒதுங்கிக் கிடக்கும். பம்ப் வேகமாக இழுத்தால் எழுந்து வழியை மறைக்கும். மேலே தீ உறை போட்டிருந்ததால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

புது ஹோஸ் செய்து, பிட்டிங் துளைக்குள் போகிற அளவுள்ள எஃகு உருண்டையை ஒரு முனையில் போட்டோம். மறுமுனையில் தடையின்றி விழுந்தது. மூக்கைத் தூக்கி அளந்தபோது பம்போடு தேவைக்கு மேலேயே வந்தது. மூடியை மாட்டி, விமானத்தைக் கட்டிப்போட்டு, வெப்பநிலை எல்லைக்குள் இருக்கும்வரை முழு சக்தியில் ஓட்டினோம். ஆர்பிஎம் அசையவில்லை.

உடனே பறக்கத் தயாரானார். நான் விடவில்லை. விமானத்தில் மற்ற ஹோஸ்களையும் அதே நாளில், அதே முறையில்தான் அவர் செய்திருந்தார். எல்லாவற்றையும் இறக்கி உருண்டை போட்டுப் பார்த்தோம். எண்ணெய் ஹோஸ் ஒன்றிலும் உருண்டை பாதியில் நின்றுவிட்டது.