பிரின்டரும் ஐபி போனும் எம்ஏபி வழியாக உள்ளே வரும்போது

802.1எக்ஸ் (சுருக்கமாக டாட்1எக்ஸ்: செருகும் சாதனம் யாரென்று சரிபார்த்த பிறகே சுவிட்ச் உள்ளே விடும் முறை) போட்ட அலுவலகத்தில் லேப்டாப்கள் பெரிய தலைவலி இல்லை. சான்றிதழையும் அமைப்பையும் குரூப் பாலிசி வழியே இறக்கிவிட்டால் தானாக உள்ளே வந்துவிடும். திண்டாட வைப்பவை பழைய பிரின்டர்களும் மேசை போன்களும்தான். ‘நீ யார்’ என்று சுவிட்ச் அனுப்பும் ஈஏபி கேள்வி அவற்றில் பலவற்றுக்குப் புரிவதே இல்லை. அவற்றுக்காக இருப்பது எம்ஏபி (மேக் ஆத்தென்டிகேஷன் பைபாஸ்): சாதனத்தின் வன்பொருள் முகவரியான மேக்கையே பெயராகவும் பாஸ்வேர்டாகவும் வைத்து, அனுமதியை முடிவு செய்யும் ரேடியஸ் சர்வரிடம் சுவிட்ச் கேட்கும். இங்கே சொல்வது சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகளை வைத்து.

முதல் சிக்கல் நேரம். முதலில் டாட்1எக்ஸ், பிறகு எம்ஏபி என்பது வழக்கமான வரிசை. கேள்விக்குப் பதில் வர சுவிட்ச் 30 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இன்னும் 2 முறை கேட்கும். ஆக 90 விநாடி கழித்துத்தான் எம்ஏபி தொடங்கும். அதற்குள் பல சாதனங்கள் டிஹெச்சிபியிடம் ஐபி முகவரி கேட்டுக் கேட்டுச் சோர்ந்து, தாமே ஒரு 169.254 முகவரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருக்கும் நேரமான டிஎக்ஸ்-பீரியடை 10 ஆக்கினால் மொத்தக் காத்திருப்பு 30 விநாடியாகக் குறையும். பெரும்பாலும் அதுவே போதும். எம்ஏபியை முன்னால் வைக்கவும் செய்யலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு லேப்டாப்பின் மேக்கும் ரேடியஸுக்குப் போய் நிராகரிக்கப்படும், லாக் முழுக்கக் குப்பையாகும். அப்படி வைத்தாலும் முன்னுரிமை (இரண்டும் நடந்தால் எதன் முடிவு நிற்கும் என்பது) டாட்1எக்ஸுக்கே இருக்கட்டும்.

இரண்டாவது சிக்கல்தான் அதிக நேரத்தைத் தின்னும்: பேசாத பிரின்டர். எம்ஏபி நடக்க சாதனத்திடமிருந்து ஒரு பாக்கெட்டாவது வர வேண்டும். அதிலிருந்துதான் சுவிட்ச் மேக்கைத் தெரிந்துகொள்ளும். நிலையான ஐபி கொடுத்த பிரின்டர் யாராவது கூப்பிட்டால்தான் வாய் திறக்கும். சில பிரின்டர்கள் தூங்கும்போது லிங்க் வேகத்தை மாற்றும். லிங்க் ஒரு கணம் விழுந்து எழும், பழைய அனுமதி போய்விடும். போர்ட் மூடியிருப்பதால் பிரின்ட் சர்வர் அனுப்பும் ஏஆர்பி (‘இந்த ஐபி யாருடையது’ என்ற கேள்வி) பிரின்டருக்குப் போகாது. ஏஆர்பி போகாததால் பிரின்டர் பதில் சொல்லாது. காலையில் “பிரின்டர் ஆஃப்லைன்” புகார் வரும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சில சமயம் சரியாகும், அதனால் கேபிள்மீதே சந்தேகம் விழும்.

தீர்வு இரண்டு. பிரின்டரை டிஹெச்சிபிக்கு மாற்றி சர்வரில் முகவரியை ஒதுக்கி வைப்பது ஒன்று. லிங்க் எழுந்ததும் அது தானே பேச வாய்ப்பு அதிகம். போர்ட்டில் ‘ஆத்தென்டிகேஷன் கன்ட்ரோல்-டைரக்‌ஷன் இன்’ போடுவது இன்னொன்று. இதில் சுவிட்சிலிருந்து சாதனத்தை நோக்கி வெளியே போகும் டிராஃபிக் தடைபடாது, ஏஆர்பி பிரின்டரைப் போய்ச் சேரும். ஆனால் அனுமதி கிடைக்கும்வரை போர்ட் இருப்பது நீங்கள் கையால் கொடுத்த விலானில் (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்). அது பிரின்டர் விலானாக இல்லாவிட்டால் அந்த ஏஆர்பி வேறு விலானிலேயே நின்றுவிடும். ரேடியஸ் விலானை ஒதுக்கினாலும் போர்ட்டிலும் அதே எண்ணைப் போட்டு வையுங்கள்.

ரேடியஸ் பக்கம் மேக்கின் வடிவத்தைப் பாருங்கள். சிஸ்கோ இயல்பாக யூசர்-நேமில் 12 சிறிய எழுத்துகளை இடைக்குறி இல்லாமல் அனுப்பும். காலிங்-ஸ்டேஷன்-ஐடியில் அதுவே இடைக்கோடுகளுடன் வரும். ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வரில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே பட்டியலோடு ஒப்பிடுங்கள். சர்வீஸ்-டைப் 10 (எம்ஏபியின் அடையாளம்) என்று வரும் கோரிக்கைக்கு மட்டும் இந்த விதி பொருந்தட்டும். மேக்கைப் பெயராகவும் பாஸ்வேர்டாகவும் வைத்து ஆக்டிவ் டைரக்டரியில் கணக்கு உருவாக்குவது தவறான வழி. அதற்காக பாஸ்வேர்டு கொள்கையைத் தளர்த்த வேண்டிவரும். பிரின்டரின் மேக் தெரிந்த யாரும் அந்தக் கணக்கில் லாகின் செய்ய முயலலாம்.

போனுக்கு அனுமதி மட்டும் போதாது. ரேடியஸின் பதிலில் ‘டிவைஸ்-டிராஃபிக்-கிளாஸ்=வாய்ஸ்’ என்ற சிஸ்கோ ஏவி-பேர் (பெயரும் மதிப்பும் கொண்ட குறிப்பு) போக வேண்டும். அது இல்லாவிட்டால் சுவிட்ச் போனை டேட்டா சாதனமாகவே எண்ணும். பிறகு அதன் பின்னால் கணினியைச் செருகினால், ஒரு போனையும் ஒரு டேட்டா சாதனத்தையும் மட்டும் ஏற்கும் மல்டி-டொமைன் முறையில் அது இரண்டாவது டேட்டா சாதனம். விதிமீறல் என்று போர்ட்டே எர்-டிசேபிள் ஆகும், அதாவது சுவிட்ச் அதை முடக்கிவிடும். பின்னால் இருக்கும் கணினியைக் கழற்றும்போதும் இதே வம்பு. சுவிட்சுக்கும் போனுக்கும் இடையே லிங்க் விழாததால் பழைய அனுமதி அப்படியே நிற்கும். சிஸ்கோ போன்கள் இதை சிடிபி என்ற சிஸ்கோவின் சொந்தச் செய்திமுறை வழியே சுவிட்சுக்குத் தெரிவிக்கும். மற்றவற்றுக்கு, சாதனம் பேசாமலிருந்தால் அனுமதியை நீக்கும் இன்ஆக்டிவிட்டி டைமர் வையுங்கள். பிரின்டர் போர்ட்டில் மட்டும் அதைக் குறைவாக வைக்காதீர்கள்; பேசாத பிரின்டரின் அனுமதி போய்விடும்.

மேக் ரகசியம் அல்ல; பிரின்டரின் கான்ஃபிகரேஷன் பக்கத்திலேயே அச்சாகி வரும், லேப்டாப்பில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஆகவே சான்றிதழ் ஏற்கும் போனையும் பிரின்டரையும், சான்றிதழால் அடையாளம் காட்டும் ஈஏபி-டிஎல்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். மிஞ்சும் பிரின்டர்களைத் தனி விலானில் வைத்து, பிரின்ட் சர்வரிலிருந்து அச்சுக்கான 9100, 631, நிலை கேட்கும் எஸ்என்எம்பிக்கான 161 ஆகிய போர்ட் எண்களை மட்டும் திறவுங்கள். பிரின்டரிலிருந்து வெளியே டிஹெச்சிபி, டிஎன்எஸ், நேரம், ஸ்கேன் அனுப்பும் மெயில் சர்வர் போதும். மேக்கின் முதல் 6 எழுத்துகளைப் பார்த்து ஒரு நிறுவனத்தின் சாதனங்கள் அனைத்தையும் ஏற்கும் விதி வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்தில் ‘ஆத்தென்டிகேஷன் ஓப்பன்’ போட்டு, எதையும் தடுக்காமல் லாக்கை மட்டும் கவனியுங்கள். மாதக் கடைசியில் மட்டும் உயிர்பெறும் பிரின்டர்களும் பட்டியலுக்குள் வரும்வரை பொறுங்கள். பூட்டுவதற்கு முன் ரேடியஸை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கவும் வேண்டும்: ரேடியஸ் பதில் தராதபோது சாதனங்களை உள்ளே விடும் கிரிட்டிகல் விலானை டேட்டாவுக்கு மட்டும் அமைத்து வாய்ஸுக்கு விட்டிருந்தால், அந்த நேரத்தில் புதிதாக பூட் ஆகும் போன்கள் எழாது.