பழைய கேம்பர் வேன், ஹீட்டர் ப்ளோயர், பதினாறு நாள்

நவம்பர் 25, சனி. இன்வர்னஸ்

ஏவிமோரிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஏ9 சாலையில் ஸ்லாக்ட் மேட்டில் ஏறும்போது ஹீட்டர் காற்று நின்றுவிட்டது. அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 405 மீட்டர். வெளியே மைனஸ் 4. ஸ்காட்லாந்தின் வடக்கே இந்த மாதக் கடைசியில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். முன்கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் ஆவி படிய ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கு எதிரே ஒரு தட்டு அகலத்துக்குத்தான் சாலை தெரிந்தது. மனைவி துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

காற்றின் வேகத்துக்கான குமிழில் நாலு நிலை. 1, 2, 3 மூன்றிலும் சத்தமே இல்லை. 4-க்குத் திருப்பியதும் கிறீச்சென்று அலறிக்கொண்டு சுழன்றது. அந்த அலறலோடே வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டி 1994 மாடல், டீசல். பின்னால் படுக்கும் பகுதிக்குத் தனியாக கேஸ் ஹீட்டர் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் சொல்வது ஓட்டுநர் பக்க ஹீட்டர். இன்ஜினைச் சுற்றிச் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்ன ரேடியேட்டர் ஒன்றுக்குள் ஓடும், ப்ளோயர் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று இல்லாவிட்டால் குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கண்ணாடி தெளியாது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்க வண்டியை எடுக்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகத்தின் 229-ஆம் விதியே சொல்கிறது.

நவம்பர் 26, ஞாயிறு

காலையில் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். சங்ககிரியில் நாற்பது வருடம் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்த்தவர். ஹீட்டர் என்ற சாமானை அவர் தொட்டதே இல்லை. சேலம் பக்கம் அது யாருக்கு வேண்டும்? ஆனால் நான் அறிகுறியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "நாலுல மட்டும் ஓடுதா கண்ணு? அப்ப மோட்டாரும் ஃபியூஸும் உசுரோடதான் இருக்குது. ரெசிஸ்டரப் பாரு. ஏசி ப்ளோயரும் இதே கதைதான்" என்றார்.

காரணம் எளிமையானது. 4-இல் பேட்டரியின் முழு வோல்ட்டும் நேராக மோட்டாருக்குப் போகிறது. மற்ற மூன்றிலும் மின்சாரம் ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்கள் வழியாகப் போய், கொஞ்சம் சூடாக விரயமாகி, மீதிதான் மோட்டாரைச் சேர்கிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரை ப்ளோயரின் காற்று வழியிலேயே பொருத்தியிருக்கிறார்கள்.

கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தால் ரெசிஸ்டர் தெரிகிறது. இரண்டு ஸ்குரூ. அதன் பிளக்கில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் குமிழைத் திருப்பினேன், நாலு நிலையிலும் விளக்கு எரிந்தது. ஆக சுவிட்சும் சரி. ரெசிஸ்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது சுருள்கள் முழுசாகவே இருந்தன. ஒரு சுருள் அறுந்திருந்தால் பெரும்பாலும் ஒரு வேகமோ இரண்டு வேகமோதான் போயிருக்கும். மூன்றும் ஒன்றாகப் போயிருப்பதால் மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்க வேண்டும். அது தெர்மல் ஃபியூஸ், சூடு அளவு மீறினால் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் சாமான்: ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளிநிற உருளை, மேலே 184 டிகிரி என்று அச்சு. மீட்டரை வைத்தேன், தொடர்பே இல்லை.

நவம்பர் 28, செவ்வாய்

அந்த உருளையை மட்டும் மாற்றலாமா என்று யோசித்தேன். அதை வைத்து சாலிடர் செய்யும் சூட்டிலேயே புதிய ஃபியூஸ் உருகிவிடும். ஃபியூஸின் கம்பிக் காலை மூக்குக் குறட்டால் கவ்விப் பிடித்துக்கொண்டு செய்யலாம், அல்லது சாலிடரே இல்லாமல் உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி கிரிம்ப் செய்யலாம். உருளையை எடுத்துவிட்டு ஒரு துண்டு கம்பி போட்டால் என்ன என்று பெரியப்பாவிடமும் கேட்டேன். போனில் சில நொடி மௌனம். "போட்டா ஓடும். ஒரு நாளைக்கு டேஷ்போர்டோட சேர்ந்து எரியும். அந்த வண்டியில கொழந்தைய வச்சுக் கூட்டிட்டுப் போறீல்ல?" அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முழு ரெசிஸ்டரையே ஆர்டர் செய்துவிட்டேன். 18 பவுண்ட்.

நவம்பர் 30, வியாழன்

ரெசிஸ்டர் வந்தது. மாட்ட எட்டு நிமிடம். நாலு வேகமும் வேலை செய்கிறது. 4-இல் அலறல் மட்டும் போகவில்லை.

டிசம்பர் 2, சனி

போய்விட்டது. பாப்பாவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வரும்போது, 2-ஆம் வேகத்தில் இருபது நிமிடம் ஓடியிருக்கும், அப்படியே அடங்கிவிட்டது. கூடவே பிளாஸ்டிக் கருகும் வாசனை. வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, பாப்பாவை இறக்கி நிறுத்தினேன். புகை இல்லை. ஆனாலும் வீடு வரும்வரை ஹீட்டரைத் தொடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்டினேன்.

ரெசிஸ்டர் பிளக்கைக் கழற்றினால் ஒரு முனையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளை நீலம் பாய்ந்திருந்தது. புதிய ரெசிஸ்டரின் உருளையும் செத்துவிட்டது.

பெரியப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, "போனது எதுன்னு பார்த்த. அது ஏன் போச்சுன்னு பார்த்தியா?" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அவர் கேட்டது இரவு முழுக்க மண்டையில் ஓடியது. நான் பார்க்கவில்லை. முதல் நாளே மோட்டார் அலறியது, அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று முழுக்க அளப்பதுதான் வேலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தது, கடன் வாங்கினேன். இன்ஜின் ஓட்டத்தில், 4-ஆம் வேகத்தில்:

பேட்டரியில் 13.9 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே 11.6. மின்னோட்டம் 26 ஆம்பியர்.

இந்த அளவு ப்ளோயர் 15-லிருந்து 20-க்குள் எடுத்தால் நியாயம். 26 அதிகம். ஆனாலும் வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் 30 ஆம்பியர் என்பதால் அது போகவே இல்லை, இத்தனை நாளும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்து, அந்த 2.3 வோல்ட் எங்கே தொலைகிறது என்று ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை வைத்துத் தேடினேன். எர்த் பக்கம் 0.3. சுவிட்சிலும் வயர்களிலும் சேர்த்து 0.6. மீதி 1.4 வோல்ட் ரெசிஸ்டர் பிளக்கிலேயே விழுகிறது. 4-ஆம் வேகத்துக்கான மின்சாரமும் அந்தப் பிளக்கைத் தொட்டுத்தான் போகிறது. 1.4 வோல்ட்டை 26 ஆம்பியரால் பெருக்கினால் 36 வாட். என் சாலிடரிங் அயர்ன் 40 வாட். விரல் நுனி அளவு பிளக்குக்குள் ஏறக்குறைய ஒரு சாலிடரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மதியம் மோட்டாரை இறக்கினேன். மூன்று ஸ்குரூ, அதில் ஒன்று துருப்பிடித்துத் தலை மழுங்கியது, அதற்கே ஒரு மணி நேரம். விசிறிக் கூண்டு கையில் வந்ததும், அதன் பின்னாலேயே ஒரு சட்டி கொள்ளும் குப்பை மடியில் கொட்டியது. பர்ச் மரத்து இலை, பைன் ஊசி, எல்லாம் ஈரத்தில் ஊறிக் கறுத்து, பிழிந்து வைத்த புளி மாதிரி. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் இடத்தில் இருந்த வலை கிழிந்திருக்கிறது. நாங்கள் நிறுத்தும் இடத்துக்கு மேலேயே பர்ச் மரம். ரெசிஸ்டர் இருந்த குழியை அந்தக் குப்பை மூடிக்கிடந்தது, குளிர்விக்க வேண்டிய காற்று அதைத் தொடவே இல்லை.

கூண்டைக் கையால் சுழற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் எண்ணெய் இல்லாமல் காய்ந்துபோய்விட்டது. இறுகிய மோட்டார் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றும் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். ரெசிஸ்டரில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்கு. ஒரு பக்கம் கூடுதல் சூடு, இன்னொரு பக்கம் ஆற்றக் காற்றில்லை. தெர்மல் ஃபியூஸ் தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறது, இரண்டு தடவையும்.

டிசம்பர் 5, செவ்வாய்

மோட்டாரைப் பிரித்தேன், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்குரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தாள்.

சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ் இரண்டும் 5 மில்லிமீட்டர்தான் மிச்சம். அவை உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது, பிரஷ் உரசிய தடம் பள்ளமாகியிருந்தது, ஆனால் ஆழமில்லை. நைஸ் உப்புக்காகிதத்தால் சுற்றிவரத் தேய்த்தேன். செம்பு மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக எழும்பி வந்தது. செம்புத் தகடுகளுக்கு இடையே உள்ள காடிகளைக் குண்டூசியால் கீறிச் சுத்தம் செய்தேன். கரித்தூள் அதில் அடைந்தால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரிதான். புஷ்ஷைச் சுற்றியிருந்த ஃபெல்ட் வளையம் அட்டை மாதிரி விறைத்திருந்தது. மெல்லிய இன்ஜின் ஆயிலில் இரவு முழுக்க ஊற வைத்திருக்கிறேன்.

என்னிடம் பழைய டிரில் மெஷினின் பிரஷ் இருந்தது, அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியப்பா வேண்டாம் என்றார். வீட்டுக் கரண்டில் ஓடும் மெஷினின் பிரஷ் வெறும் கரி, அதில் தடை அதிகம். 12 வோல்ட் மோட்டாருக்குத் தாமிரத்தூள் கலந்த பிரஷ் வேண்டும், உடைத்துப் பார்த்தால் செம்பு மினுக்கும். அந்த வகையில் ஒரு சுற்று பெரியதாக வாங்கி அரத்தில் ராவி இறக்கிக்கொள்ளச் சொன்னார். அப்படியே ஆர்டர் செய்தேன்.

டிசம்பர் 9, சனி

கருகிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பீங்கான் பிளக் ஒன்று வைத்தேன், நல்ல வயர் வரும்வரை மூன்று அங்குலம் பின்னால் போய். பழைய வயர் உள்ளே கறுத்திருந்தது, அதில் கிரிம்ப் செய்தால் பிடிக்காது. எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினேன். காற்று வழிக்குப் புது எஃகு வலை.

பிரஷ் ராவுவதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. ஹோல்டருக்குள் தன் எடையிலேயே வழுக்கிக் கீழே இறங்க வேண்டும், ஆடவும் கூடாது. மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்தேன்.

மாட்டினேன். ஓட்டினேன். 17 ஆம்பியர். பிளக்கில் 0.1 வோல்ட். அலறல் இல்லை. ஊஊ என்ற காற்றின் சத்தம் மட்டும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏங்க, ஓடுதா இல்லையானே தெரியலீங்க" என்று காற்றுத் துளையில் கையை வைத்துப் பார்த்தாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

ஏ9-இல் தெற்கே, ஸ்லாக்ட் தாண்டி, டிரமாக்டர் கணவாய்வரை போய்வந்தோம். 460 மீட்டர். இருபக்கமும் மலை வெள்ளை. வேண்டுமென்றே 2-ஆம் வேகத்திலேயே ஒன்றரை மணி நேரம் விட்டேன். மேலே வண்டியை நிறுத்தி, கிளவ் பாக்ஸைத் திறந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.

மனைவி ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றியதும் ஆவி எழும்பிக் கண்ணாடியில் படிந்தது. பாப்பா அதில் ஒரு பூனை வரைய ஆரம்பித்தாள். காதை முடிப்பதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள், எல்லோரும் சேர்ந்து ஊதினோம்.

வீட்டுக்கு வந்ததும் கிளவ் பாக்ஸின் உள்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, தேதி, 17 ஆம்பியர், 0.1 வோல்ட், பிரஷ் 11 மில்லிமீட்டர் என்று எழுதி வைத்தேன். பெரியப்பாவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். வலையை எப்போது கழற்றிச் சுத்தம் செய்வாய் என்று கேட்டிருக்கிறார். இலையுதிர்காலம் முடிந்ததும் என்று எழுதி, அதையும் டேப்பில் சேர்த்தேன்.