வெட்டிப்போட்ட தென்னையிலிருந்து மூன்று முழம்

மதில் எழும்பி பத்து நாளாகிறது, கடப்பாரை பிடித்த உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஜேசிபி இருக்கும்போது கடப்பாரை எதற்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கரம் கட்டுவது கேரளாவுக்கு, வீட்டில் பேச்செல்லாம் கோயம்புத்தூர்ப் பேச்சு. ரோட்டோரம் 140 அடிக்கு மதில் போட ஜேசிபிக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்று ராத்திரி மச்சான் போன் செய்தான். போன வருஷம் அவன் காட்டில் குழி எடுக்கும்போது பக்கெட்டில் ஃபைபர் கேபிள் மாட்டி, ஊருக்கே நெட் போய், ஒரு மாதம் மல்லுக்கட்டியவன். "கீழ என்ன போகுதுன்னு பாத்துட்டு கை வையுங்க மாமா" என்றான். சரி, ஒரு வாரம் தள்ளிப்போடுவோம் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆயிற்று.

கேபிள் பக்கம் சிரமமே இல்லை. 'கால் பிஃபோர் யூ டிக்' என்று அரசாங்க ஆப் இருக்கிறது. தோண்டும்போது கேபிள் அறுபட்டே நாட்டுக்கு வருஷம் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்குச் சொல்லி 2023 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். அதில் இடத்தையும் தேதியையும் போட்டேன், மூன்றாம் நாள் ஒருவர் பைக்கில் வந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் லைன் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். ஆனால் ஒன்று, லைனைப் பதிந்து வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அதில் தகவல் போகும். பதியாத லைனுக்கு நாம்தான் நடக்க வேண்டும்.

அப்படித்தான் குடிநீர்க் குழாய்க்காக நடந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. முதல் தடவை, சர்வே நம்பரும் கரம் கட்டிய ரசீதும் இல்லாமல் என்ன பேச்சு என்று திருப்பிவிட்டார்கள். அது என் தப்பு, நீங்கள் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் தடவை எல்லாம் இருந்தது, விண்ணப்பம் தமிழில் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் இரண்டு விரலால் தள்ளி, மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்றார். இத்தனைக்கும் என்னிடம் பேசியது நல்ல தமிழில்! பஸ்ஸில் திரும்பும்போது வாத்தியார் ஒருவர்தான் சொன்னார்: 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு ஆபீஸ்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். மூன்றாம் தடவை அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு குத்திக் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோனார், வந்தார், வாயைத் திறக்காமல் சீல் அடித்தார். அந்த சீல் சத்தம் இருக்கிறதே, சம்பளம் வாங்கிய மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்தான். ஓவர்சியர் ஒரு பழைய வரைபடத்தோடு வந்தார். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய தாள், அதில் ரோடு ஒரு கோடு, குழாய் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் எத்தனை அடி என்று எங்கேயும் எழுதவில்லை. மண்ணில் செருப்பால் ஒரு கீறல் போட்டு "ஏகதேசம் இவிடே" என்றார், சுமாராக இங்கே என்று. ஏகதேசத்தை நம்பி ஜேசிபி விட முடியுமா?

மண்ணுக்கடியில் என்ன போகிறது என்று மெஷின் வைத்துப் பார்ப்பவரைக் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு 6,000 ரூபாய். போனிலேயே கேட்டிருக்க வேண்டியதை வந்தபிறகு கேட்டேன். அவர் மெஷின் உலோகத்தையும் கரண்ட் ஓடும் கேபிளையும் காட்டும், பிவிசி குழாயைக் காட்டாது. ரேடார் வைத்துப் பார்க்கலாமே என்றால், ஈரக் கரிசலில் சிக்னலை மண்ணே குடித்துவிடும் என்றார். எங்கள் மண் கரிசல், முந்தின வாரம்தான் நல்ல மழை. பெரியப்பா நடுவில் வந்து, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையே கூப்பிட்டிருக்கலாம், காசாவது குறைவு என்றார்.

ஆனால் 6,000 தண்டமில்லை. வாசல் கேட்டுக்குக் குறித்த இடத்தில் மெஷின் கத்தியது. யாருடைய ரெக்கார்டிலும் அங்கே எதுவும் கிடையாது. மெஷின்காரர் சொன்னபடி கையால் தோண்டினேன். ஒன்றரை அடி வரை கறுப்பு மண், அப்புறம் திடீரென்று வெள்ளையாக ஆற்றுமணல், அதற்குக் கீழே வரிசையாகச் செங்கல். கரிசலுக்குள் மணலும் செங்கல்லும் தானாக வராது, பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அடியில் கேபிள் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கேபிள் அது. அவர்கள் அப்பா எங்கள் தாத்தாவிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுப் போட்டதாம். சாதாரண கரண்ட் கேபிளுக்கே 75 சென்டிமீட்டர், 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் என்றால் 90 ஆழம் வேண்டும் என்பது விதி, இது அந்த ஆழத்தில் இல்லை. அதனால் ஆபீஸுக்குப் போகும் முன் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நான் கடைசியில்தான் கேட்டேன்.

குழாய் கிடைத்ததும் அப்படிக் கேட்டுத்தான். அதைப் பதித்த பிளம்பர் அடுத்த ஊரிலேயே இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல், கண் மங்கல். "ஏங்கண்ணு, உங்க வடக்கோரத் தென்னையிலிருந்து ரோட்டுப் பக்கம் மூணு முழம்" என்று யோசிக்காமல் சொன்னார். தென்னையை வெட்டி ஆறு வருஷம் ஆகிறது! பழைய கல்யாண போட்டோவில் அந்த மரம் கிணற்றுக்கு நேராகத் தெரிந்தது, அதை வைத்து உத்தேசமாகக் குழி போட்டேன். முதல் குழியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நூல்கண்டு மாதிரி மக்கிய தென்னை வேர். அங்கிருந்து மூன்று முழம் அளந்து மூன்றாவது குழி, இரண்டேகால் அடியில் சாம்பல் நிறக் குழாய். ஓவர்சியர் செருப்பால் கீறிய இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, மதிலுக்குக் கயிறு கட்டியிருந்த கோட்டுக்கு நேர் கீழே.

வாளையாறு வரை வரும் பெரிய கேஸ் பைப்லைன் எங்கள் பக்கம் இல்லை. அது போகும் நிலமாக இருந்தால் கதையே வேறு, 1962-ஆம் வருஷத்துப் பைப்லைன் சட்டப்படி அது போகும் பட்டைக்குள் கட்டடம், கிணறு, மரம் எதுவும் கூடாது.

அப்புறம் ஜேசிபி வந்து அரை நாளில் முடித்துவிட்டது, கேபிளுக்கும் குழாய்க்கும் இரண்டிரண்டு அடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்வெட்டி வேலை மட்டும். மூடும் முன் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன், மதில் மூலையிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி.

குழாய்க்காக மதில் வடக்கே கொஞ்சம் உள்வாங்கிப் போகிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் எந்த ஜோசியரிடம் வாஸ்து பார்த்தேன் என்று கேட்கிறார்கள். பெரியப்பா அவர்களுக்கு ஒரு பெயரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.