ஸ்ரீ மூடாவில் சேறு அள்ளிய நாட்கள்

2021 டிசம்பர் 18ஆம் தேதி மலேசியாவின் ஷா ஆலாம் நகரில், ஸ்ரீ மூடா தாமான் என்ற குடியிருப்பில் வெள்ளத் தண்ணீர் ஏறியபோது, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். தோட்டங்களை விட்டுக் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் பிழைக்கப் போன உறவு இல்லாத குடும்பம் எங்கள் சபையில் குறைவு. அன்றிரவு யார் கைத்தொலைபேசியும் ஓயவில்லை.

வாலிபர்கள் உடனே கிளம்பத் துடித்தார்கள். போதகர் விடவில்லை. தண்ணீர் வடியாத இடத்துக்குப் படகும் பயிற்சியும் இல்லாமல் போனால் போம்பாவுக்கு (தீயணைப்பு மீட்புப் படைக்கு) நாமும் ஒரு சுமை என்றார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். காத்திருந்த நேரத்தில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, மண்வெட்டி, பிளீச், பெட்ரோலில் ஓடும் வாட்டர் ஜெட் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம்) எல்லாம் சேர்ந்தன. மின்சாரம் இல்லாத இடத்தில் சாதாரண ஜெட் உதவாது. குடிதண்ணீரும் சாப்பாடும் எங்களுக்கு நாங்களே கட்டிக்கொண்டோம். கோவிட் காலம் என்பதால் எல்லாரும் சுய பரிசோதனை செய்த பிறகே வேனில் ஏறினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சேற்றில் கை வைக்கக் கூடாது. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அறையையும் படம் எடுக்க வேண்டும். உதவித்தொகைக்கோ காப்புறுதிக்கோ மனு செய்யும்போது அது தேவைப்படும். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் கிடைத்தால் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நின்றுபோன குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவே கூடாது, கயிற்றால் கட்டித் தூக்குங்கள். உள்ளே மீனும் கோழியும் அழுகிக் கிடக்கும். சேறு ஈரமாக இருக்கும்போதே பின்னறையிலிருந்து வாசலை நோக்கித் தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும். பிளீச் கடைசியில்தான், அதுவும் வேறு எந்தக் கழுவும் மருந்தோடும் கலக்காமல். காலில் புண் உள்ளவர்களை உள்ளே விடவில்லை. எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் உயிரையே எடுக்கும்.

இதையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். என் மனதை அசைத்தது வேறு. ஒரு வீட்டில் சாமி மேடை சாய்ந்து, படங்கள் சேற்றில் கிடந்தன. எங்கள் பிள்ளைகள் தொடலாமா என்று தயங்கி நின்றார்கள். போதகர் வாசலில் இருந்த பாட்டியிடம் போய், "அம்மா, நாங்க சர்ச்சிலேர்ந்து வந்திருக்கோம். சாமி படத்தை நாங்க எடுத்துக் கழுவலாங்களா, இல்ல நீங்களே எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். பாட்டி, "நீங்களே எடுங்கய்யா, எனக்குக் குனிய முடியல," என்றார். முருகன் படத்தை முதலில் கழுவிச் சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்தோம். எது குப்பை, எது வீட்டுக்குரியது என்று சொல்லும் உரிமை அந்தப் பாட்டிக்குத்தான். அவர் தலையசைக்காமல் ஒரு பாத்திரம்கூட லோரிக்குப் போகவில்லை.

துண்டுப் பிரசுரம் எதுவும் கொண்டுபோக வேண்டாம் என்று கிளம்பும்போதே முடிவாகியிருந்தது. ஜெபம் காலையில் வேனுக்குள், எங்களுக்குள் மட்டும். எல்லாம் இழந்து நிற்பவரிடம் மதம் பேசுவது அன்பு ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உங்கள் சபையோ கோயிலோ இப்படிப் போவதாக இருந்தால் பழைய துணி மூட்டைகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பிரிக்க ஆளில்லாமல் அவை மண்டபத்தில் மலையாகக் குவிந்துவிடுகின்றன. அங்கே கேட்டது புது உள்ளாடை, மெத்தை, கேஸ் அடுப்பு, பள்ளிக் காலணி.