75 சதவீதம் இருந்தால் போதுமா?

சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. நிறையப் பெற்றோர் அதையே இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள், ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்தாலும் 50 நாள் வராமல் இருக்கலாம் என்று கணக்கு. 50 நாள் என்றால் பத்து வாரப் பாடம் சார்!

அதிலும் எந்த நாள் போகிறது என்று பார்க்கணும். பின்னங்களைக் கூட்டும்போது பகுதிகளைச் சமமாக்கணும் என்று டீச்சர் சொல்லிக்கொடுக்கும் அன்று பிள்ளை காதுகுத்துக்குப் போயிருந்தால், அடுத்த நாள் 1/2-ஐயும் 1/3-ஐயும் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதி வைக்கும். விட்டதை நோட்டைப் பார்த்து எழுதிவிடலாம், ஆனால் ஏன் அப்படி என்று கேட்க அந்த வகுப்பு இருக்காதே.

சரி, வராத பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பசியும் ஒரு காரணம் என்பது இங்கே பழைய பாடம்தான். 1920-களிலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள், 1956-ல் காமராஜர் அதை மாநிலத்துக்கே கொண்டுபோனார். 2022-ல் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. காலையில் ஆறு மணிக்கே கூலி வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் எவ்வளவு பெரிய நிம்மதி!

அப்புறம், நூறு சதவீத வருகைக்கு மேடையேற்றிப் பரிசு கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காய்ச்சலோடு வந்து பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டவிடத்தான் அது உதவும்.